பர்கண்டி ஒயின் சபைக்குள் போவது எப்படி: பட்டுத் தெரிந்தவள் எழுதும் வழிகாட்டி

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் இடம். அந்த நினைப்போடுதான் நான் புதுச்சேரியிலிருந்து, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் உள்ள திஜோனுக்குப் படிக்க வந்தேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், சிவப்பும் தங்கமுமாக அங்கி போட்டு, தலையில் சதுரத் தொப்பி வைத்த பெரியவர்கள் சிலர் ஒரு கிராமத் தெருவில் வரிசையாக நடந்து போவதைப் பார்த்தேன். நாடகம் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி, ‘இவர்கள் எங்கள் கோன்ஃப்ரேரி’ என்றார்.

கோன்ஃப்ரேரி என்றால் ஒரு வட்டாரத்து ஒயினின் பெயரைக் காப்பதற்கும் பரப்புவதற்கும் சேர்ந்த சபை. அதில் சேர எனக்கு நாலு வருடம் ஆனது. அதில் இரண்டு வருடம் சும்மா போனது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல். அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. விண்ணப்பப் படிவத்தைத் தேடாதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. ஒரு சபைக்கு நீளமான மின்னஞ்சல் எழுதினேன். படிப்புச் சான்றிதழ், வேலைச் சான்றிதழ் எல்லாம் இணைத்து, ‘உறுப்பினராக விரும்புகிறேன், கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்டேன். மூன்று மாதம் கழித்து மரியாதையாக இரண்டு வரி பதில் வந்தது. எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வாருங்கள், அவ்வளவுதான்.

இப்போது யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பர்கண்டியின் பெரிய சபையான ‘தாஸ்த்வான் வீரர்கள் சபை’ 1934-ல் நுயி-சேன்-ஜோர்ஜ் என்ற சின்ன ஊரில் தொடங்கியது. விற்காமல் நிலவறையில் ஒயின் தேங்கிக் கிடந்த காலம். வாங்க ஆள் இல்லையென்றால் நண்பர்களைக் கூப்பிட்டு நம்மோடு உட்காரவைத்துக் குடிக்கச் சொல்வோம் என்பதுதான் யோசனை. குடித்துவிட்டுப் போனவர் தன் ஊரில் போய் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். இன்றுவரை அவர்கள் ஆளை எடைபோடுவது அப்படித்தான்: இவர் நம் ஒயினைப் பற்றி வெளியே பேசுவாரா? பிரான்சில் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால், வாயால் பரவும் பேச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம். உங்கள் சான்றிதழ்களை யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்று. ‘பணம் கட்டினால் வீரர் பட்டம், பட்டயம் தபாலில் வரும்’ என்று சொல்கிறவர்களும் இணையத்தில் உண்டு. அந்தக் காசுக்கு நல்ல பாட்டில் நாலு வாங்கலாம்.

2. எந்தச் சபை என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு ஒயின் வட்டாரத்துக்கும் ஒரு சபையாவது இருக்கும். சிலவற்றுக்கு நாலைந்துகூட உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் மூன்றைத்தான் சொல்வேன்.

பர்கண்டியில் தாஸ்த்வான். தாஸ்த்வான் என்பது ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் தட்டையான சின்ன வெள்ளிக் கிண்ணம். சபையின் இடம் க்ளோ த வூஜோ மாளிகை. சுற்றுச்சுவருக்குள் ஏறக்குறைய 50 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம், அதன் நடுவே மாளிகை. உள்ளே போக ஆட்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அல்சாஸில் சேன்-எத்தியென் சபை. கோல்மாருக்குப் பக்கத்தில் கியென்ட்ஸ்ஹைம் மாளிகையில் இருக்கிறது. இது கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே சுவைத்துச் சொல்லும் தேர்வு வைத்துப் படி ஏற்றுகிறார்கள்: பயில்பவர், துணைவர், ஆசான் என்று மூன்று படி. ஆள் பழக்கம் இல்லை, ஆனால் நாக்கு இருக்கிறது என்பவர்களுக்கு இதுதான் சரியான கதவு.

போர்தோ பக்கத்தில் சேன்-எமிலியோனின் ஜுராத். 1948-ல் மறுபடி உயிர்பெற்ற சபை. சேருவதைவிடப் பார்ப்பதற்கு அருமை. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு வாக்கில் சிவப்பு அங்கிக்காரர்கள் ஊர்வலம் போய், ‘ராஜா கோபுரம்’ என்ற பழைய கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று அறுவடை தொடங்கியது என்று அறிவிப்பார்கள். தெருவில் நின்று பார்க்கக் காசு கிடையாது. பாரீஸிலிருந்து போர்தோவுக்கு வேக ரயிலில் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து உள்ளூர் ரயில். சேன்-எமிலியோன் ரயில் நிலையம் ஊருக்குக் கொஞ்சம் வெளியே, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. குதிகால் செருப்பு போட்டுப் போகாதீர்கள்.

எனக்குத் தெரிந்தது பர்கண்டி. மீதியெல்லாம் அதைப் பற்றி.

3. முதலில் தெருவில் பாருங்கள்: சேன்-வேன்சான் திருவிழா

மாளிகை விருந்துக்கு ஆசைப்படுவதற்கு முன் இதற்குப் போங்கள். வேன்சான் புனிதர் திராட்சைத் தோட்டக்காரர்களின் காவலர். அவருடைய நாள் ஜனவரி 22. அதை ஒட்டி, பெரும்பாலும் ஜனவரி கடைசி சனி ஞாயிறில், தாஸ்த்வான் சபை இந்த விழாவை நடத்துகிறது. ஒவ்வொரு வருடமும் ஊர் மாறும். நம் ஊரில் மண்டகப்படி முறை வைப்பார்களே, அதுபோல. 1938-ல் ஷாம்போல்-மியூசினி என்ற ஊரில் தொடங்கியது. 2024-ல் சுற்றிச் சுற்றி அதே ஊருக்கும் பக்கத்து மோரே-சேன்-தெனிக்கும் மறுபடி வந்தது. போன வருடம் நடந்த ஊருக்கே இந்த வருடமும் போய் நிற்காதீர்கள். சிரிக்காதீர்கள், என்னோடு படித்த ஒருவர் நிஜமாகவே போய் நின்றார்.

சனிக்கிழமை விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் இங்கே வெளிச்சம் வரவே எட்டு மணி ஆகும். அந்த இருட்டில் சுற்றுவட்டார ஊர்களின் தோட்டக்காரர் சங்கங்கள் தங்கள் தங்கள் வேன்சான் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி. மரச் சிலைகள். சில முழங்கை உயரம்தான் இருக்கும், சிலவற்றைத் தூக்க நாலு ஆள் வேண்டும். தூக்குகிறவர்களின் மூச்சு வெள்ளையாகப் புகையும். ஊர் முழுக்கக் காகிதப் பூ. வேலி, கிணறு, மொட்டையாக நிற்கும் திராட்சைக் கொடி எல்லாவற்றிலும். மாதக்கணக்கில் ஊர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்து மடித்தவை அவை. நான் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தேன், உறைபனி ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி விறைத்திருந்தது.

ஊர்வலமும் பூசையும் முடிந்து, ஊரின் மூத்த தோட்டக்காரர்களுக்குச் சபை மரியாதை செய்த பிறகுதான் சுவை பார்க்கும் நிலவறைகள் திறக்கும்.

செலவு: தெருவில் நடக்கக் காசில்லை. சுவைக்க வேண்டுமென்றால் ஒரு கோப்பையும் சில சீட்டுகளும் சேர்ந்த பொதி வாங்க வேண்டும். நான் போனபோது 20 யூரோவுக்கு மேல் ஆனது. முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அன்று காலையில் வாங்க நின்ற வரிசையில் என் கால்விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஊருக்குள் கார் விடமாட்டார்கள். தொலைவில் நிறுத்திவிட்டுச் சிற்றுந்தில் வர வேண்டும். மாலையில் திரும்பும் சிற்றுந்துக்கு ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள், அதனால் நாலு மணிக்கே கிளம்புங்கள். இரண்டாவது, சாக்ஸ். இரண்டு ஜோடி. மூன்றாவது, வெறும் வயிறு. காலையில் கடைகள் எதுவும் கைகொடுக்காது. நான் இட்லிப் பொடி தடவிய ரொட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். யாருக்காவது ஒரு துண்டு கொடுத்தால் பேச்சும் தொடங்கும்.

4. தோட்டத்தில் இறங்குங்கள்

யாரும் எழுதிவைக்காத படி இதுதான். இதுதான் முக்கியம்.

தாஸ்த்வான் சபையில் சேர, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். புதிதாக வந்த நமக்கு உறுப்பினர்களை எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது திராட்சை அறுவடையால். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கொத்துகளை முறித்துப்போடாமல் கத்தரிக்க வேண்டும், முதுகு ஒடியும், எட்டு பத்து நாளில் முடியும். மதியம் எல்லோருக்கும் ஒரே நீள மேசையில் சாப்பாடு. கடைசி நாள் விருந்தில் முதலாளியின் அப்பா, தாத்தா எல்லாம் வருவார்கள். எனக்குப் பரிந்துரை எழுதியவர்களில் ஒருவர் அப்படி ஒரு தாத்தா. மூன்று அறுவடை சேர்ந்தாற்போல நான் போனதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே அவர் கேட்டார்: ‘மாளிகைக்கு வந்திருக்கிறாயா?’

கையில் வேண்டிய காகிதங்கள்: வேலை செய்ய அனுமதிக்கும் வசிப்பு அட்டை அல்லது மாணவர் விசா, சமூகக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு விவரத் தாள். இதற்கென்று ‘அறுவடை ஒப்பந்தம்’ என்று தனியே ஒன்று உண்டு. ஒரு ஒப்பந்தம் அதிகபட்சம் ஒரு மாதம். வருடத்துக்கு மொத்தம் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. மாணவர்கள் கவனம்: வருடத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அறுவடையும் அதில் சேரும். கூலி பெரும்பாலும் சட்டக் குறைந்தபட்சம்; 2025-ல் அது பிடித்தங்களுக்கு முன் மணிக்கு 11.88 யூரோ. ஒப்பந்தத் தாள் கையில் வராமல் கத்தரியைத் தொடாதீர்கள். ஒரு வருடம் ஓரிடத்தில் ‘நாளைக்குத் தருகிறோம்’ என்றே நாலு நாள் ஓட்டினார்கள், கடைசியில் இரண்டு நாள் கூலியைக் காணோம்.

இந்தியப் பழக்கத்தில் இன்னொரு தவறு செய்வோம். அறிமுகமான முதல் நாளே ‘எனக்கு ஒரு ரெகமண்டேஷன்’ என்று கேட்டுவிடுவோம். இங்கே அது கதவைச் சாத்திவிடும். ஒயினைப் பற்றிக் கேளுங்கள், இந்தச் சரிவுக்கும் அந்தச் சரிவுக்கும் ஏன் ருசி மாறுகிறது என்று கேளுங்கள். நேரம் வரும்போது அவர்களே சொல்வார்கள்.

5. முதலில் விருந்தாளியாக ஒரு தடவை

மாளிகையில் நடக்கும் சபை விருந்துக்கு ‘ஷாபித்ர்’ என்று பெயர். வருடத்தில் பல தடவை நடக்கும், ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு பேருக்கு மேல் உட்காருவார்கள். பட்டம் வாங்காமலே, ஓர் உறுப்பினரின் விருந்தாளியாக இதற்குப் போக முடியும். அப்படி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டத்தைப் பற்றி யோசியுங்கள். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பிரெஞ்சுச் சிலேடைக்கு ஐந்நூறு பேர் சிரிப்பார்கள், நமக்குப் புரியாது. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இடத்துக்கு ஒருவருக்கு நான் கட்டியது 250 யூரோவுக்கு மேல். வாடகை உடை, தங்கல், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் 450-ஐத் தொட்டது. சின்னத் தொகை இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை.

நவம்பர் மூன்றாம் வார இறுதியை மட்டும் முதல் தடவைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சனிக்கிழமை மாளிகையில் ஷாபித்ர், ஞாயிறு போன் ஊரில் (தொலைபேசி இல்லை, ஊர் பெயரே போன்) மருத்துவமனை அறக்கட்டளையின் புகழ்பெற்ற ஒயின் ஏலம், திங்கள் மெர்சோவில் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரும் மதிய விருந்து. மூன்று நாளும் சேர்த்து ‘மூன்று மகிமைகள்’ என்பார்கள். அந்த மூன்று நாளில் போனில் அறை கிடைப்பதே மகிமை. நான் ஐந்து மாதம் முன்பே பதிந்த அறையை, ‘கணினித் தவறு’ என்று ஒரு விடுதி கடைசி வாரம் ரத்து செய்தது. திஜோனில் தங்கி உள்ளூர் ரயிலில் போங்கள். போனுக்கு 20 நிமிடம் சொச்சம்தான்.

6. உடையும் சாப்பாடும்

ஆண்களுக்குக் கறுப்பு மாலை நேர உடை, கழுத்தில் வில் டை. திஜோனில் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு வாரம் முன்பே அளவு கொடுங்கள். பெண்களுக்கு நீளமான உடை. பட்டுப்புடவை சரிவருமா என்று முன்கூட்டிக் கேட்டேன், தாராளமாக என்றார்கள். கட்டிக்கொண்டு போன காஞ்சிபுரத்தைப் பற்றி அன்று நான் பேசியதுதான் ஒயினைப் பற்றிப் பேசியதைவிட அதிகம். ஆனால் விருந்து நடப்பது பழைய கல் நிலவறைக் கூடத்தில். ரவிக்கைக்குள் ஒரு வெப்ப உள்சட்டை போடுங்கள், வெளியே தெரியாது.

சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. பர்கண்டிச் சமையலில் பன்றியிறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டை என்று வரும், நாம் முட்டைதானே என்று எடுப்போம். குழம்பில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கும். பச்சைக் கொத்தமல்லி வடை மாதிரி அழகாக ஒன்று வரும், அது பார்ஸ்லி இலை சேர்த்த பன்றித்தொடைக் கட்டி. சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், எதுவாக இருந்தாலும் இடம் பதியும்போதே எழுத்தில் கொடுங்கள். அங்கே போய் பரிமாறுகிறவரிடம் சொன்னால் அவர் பாவம், கையில் முப்பது தட்டு வைத்திருப்பார்.

7. பட்டம் தரும் இரவு

பரிந்துரை ஏற்கப்பட்ட பிறகு தேதி சொல்லிக் கடிதம் வரும். எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. கடிதத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் மேடையில் அப்படித்தான் படிப்பார்கள். நமக்கு அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்பதில் குழப்பம் வரும். நான் திருத்தாமல் விட்டேன். மேடையில் என் அப்பாவுக்குத்தான் பட்டம் கொடுத்தார்கள்.

கூப்பிட்டதும் மேலே போய் நிற்க வேண்டும். பைபிளில் வரும் நோவாவின் பெயரால், ஒயின் தெய்வம் பாக்கஸின் பெயரால், வேன்சான் புனிதரின் பெயரால் என்று சொல்லி, முறுக்கிய பழைய திராட்சை வேர்க்கட்டையால் தோளில் தட்டுவார்கள். கனமான கட்டை, மெதுவாகத்தான் தட்டுவார்கள். பிறகு சிவப்பும் தங்கமுமான நாடாவில் கோத்த கிண்ணத்தைக் கழுத்தில் போடுவார்கள். பேச்சு எதுவும் தயார் செய்ய வேண்டாம்.

ஒன்றை மட்டும் பழகிக்கொண்டு போங்கள்: பர்கண்டிப் பாட்டு. ‘லா லா லா’ தவிர வேறு சொல்லே கிடையாது. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, பல்பு மாட்டுவதுபோல முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே பாட வேண்டும், கடைசியில் கைதட்டல். ஓர் இரவில் பத்துப் பதினைந்து தடவை வரும். தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் நம்மையே பார்ப்பார்கள்.

வரிசையாக ஐந்தாறு ஒயின் ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் முடிக்கத் தேவையில்லை. கோப்பையில் கொஞ்சம் மிச்சம் விட்டால் அதிகம் ஊற்ற மாட்டார்கள். தண்ணீர்க் கோப்பை எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

8. திரும்பி வருவது

கார் ஓட்டக் கூடாது. பொதுவாகப் பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2, அதாவது ஒரு கோப்பைகூட இல்லை. மாட்டினால் 135 யூரோ அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் உள்ள புள்ளிகளில் 6 போகும். புதிய உரிமத்தில் முதல் வருடம் இருப்பதே 6 புள்ளிதான். கணக்கு புரிகிறதா? உரிமமே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நள்ளிரவுக்கு மேல் ரயிலும் இருக்காது. டாக்ஸியை வாரம் முன்பே பேசிவையுங்கள், அன்று இரவு ஐந்நூறு பேரும் அதே டாக்ஸியைத்தான் தேடுவார்கள்.

9. இந்தியாவிலிருந்து இதற்காகவே வருகிறவர்களுக்கு

ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். நான் மூன்று மாதம் முன்பே கொடுக்கச் சொல்வேன். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சபையிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தைக் கண்டிப்பாக இணையுங்கள். தேதியும் இடமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். பிரான்சில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தன் ஊர் நகரசபையில் ‘வரவேற்புச் சான்று’ வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். நேரில் போய்ப் பதிய வேண்டும், சில ஊர்களில் அதற்கே வாரக்கணக்கில் ஆகும். என் அம்மா வந்தபோது இந்தச் சான்றால்தான் தேதி தள்ளிப்போனது.

10. வாங்கிப் போவது

பட்டமெல்லாம் வேண்டாம், சபை நல்லது என்று சொல்லும் ஒயின் போதும் என்றால் எளிய வழி இருக்கிறது. தாஸ்த்வான் சபை 1950-லிருந்து மாளிகையில் பெயரை மறைத்துவைத்துச் சுவைத்துப் பார்த்து ஒயின்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேறியவற்றின் பாட்டிலில் சபைச் சின்னமும் எண்ணும் போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதாவது அந்த ஊருக்கும் அந்த வருடத்துக்கும் ஏற்ற ஒயின் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நூறு பாட்டில் முன்னால் விழித்து நிற்கும்போது இது உதவும். அல்சாஸ் சபைக்கும் இதேபோல முத்திரை உண்டு.

ஊருக்கு எடுத்துப்போவதென்றால் இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டுதான், மூன்றாவது வரம்பைத் தாண்டும். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்துச் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ரசீதைத் தனியாக எடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கேட்டால் பெட்டியைக் கலைக்காமல் காட்டலாம்.